பேராசிரியரின் பதினோரு அலமாரிகள்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் பென்சில் அக்கா. அரிய நூல் அறைக்குள் பேனாவோடு வருபவர் துணைவேந்தரே ஆனாலும் வாசலிலேயே அதை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பென்சிலை நீட்டுவாள். வேலை என்னவோ உதவியாளர்தான். ஆனால் அதிகாரம் இருக்கிறதே, அப்பப்பா!

தத்துவப் பேராசிரியர் காலமானதும் அவர் வீட்டுப் புத்தகங்களை இங்கே தனித் தொகுப்பாக வைக்க முடிவானது. பதினோரு அலமாரி, நாலாயிரம் புத்தகம். அவர் மனைவி ஒன்றே ஒன்று சொன்னார். வந்து பார்த்து மனசுக்குப் பிடித்தால்தான் நன்கொடைப் பத்திரத்தில் கையெழுத்து. இல்லாவிட்டால் மூன்று பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவாராம்.

வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டியவள் அக்கா. பட்டியல் போட்டவன் நான். முதல் புத்தகத்தைத் திறந்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னட்டையின் உள்மூலையில் பென்சிலில் 4-2-17 என்று எழுதியிருந்தது.

"யாரைக் கேட்டு இதுல கிறுக்கினீங்க?"

"நாலாவது அலமாரி, ரெண்டாவது தட்டு, பதினேழாவது புத்தகம் சார். அவர் எதை எங்க வச்சிருந்தாரோ, அது."

"நாம என்ன வீடா நடத்துறோம்? எல்லாத்தையும் அழிங்க!"

புது ரப்பர் ஒன்றையும் கையில் கொடுத்தேன். வாராவாரம் "அழிச்சாச்சா?" என்று கேட்பேன். "பார்த்துக்கிட்டே இருக்கேன் சார்" என்பாள். நானோ பொருள்வாரியாக எண் போட்டு அத்தனையையும் அடுக்கி முடித்து, என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அந்த அம்மாள் வந்தார். பத்து வருஷமாகப் பார்வை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். நாலாவது அலமாரி எது என்று கேட்டுப் போய் இரண்டாவது தட்டைத் தடவினார். விரல்கள் அங்குமிங்கும் அலைந்தன.

"இது அவரோடது இல்லையே. பெட்டி கட்டிடுங்க, பசங்களுக்கே குடுத்துடறேன்."

அக்காதான் முன்னால் வந்தாள். "அம்மா, ஒரே ஒரு வாரம் குடுங்க. அப்பவும் பிடிக்கலைன்னா நானே கட்டித் தர்றேன்."

அந்த வாரம் முழுக்க நான் ஏணி மேல், அவள் கீழே. பின்னட்டையைத் திறந்து எண்ணைப் படிப்பாள், நான் வைப்பேன். "அங்க இல்ல சார், பக்கத்துல. நாம என்ன வீடா நடத்துறோம்?" என்று நடுநடுவே ஒரு குத்து வேறு. வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

மறுபடி வந்த அம்மாள் தட்டின் ஓரத்தில் கை வைத்தார். கை தானாக நகர்ந்து ஒரு மெலிந்த புத்தகத்தில் நின்றது. எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"கண்ணு போனப்புறம் தினமும் காலையில நான் இதை எடுத்துக் குடுப்பேன், அவர் ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டுவார்" என்றார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, "பேனா குடுங்க" என்றார். அந்த அறையில் பேனாவை எடுத்து நீட்டியது அக்காவேதான்.

அம்மாள் போன பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. "ஆமா, நான் குடுத்த ரப்பர் எங்க?" என்று கேட்டுவைத்தேன்.

மேசை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். உறைகூடப் பிரிக்கவில்லை.