அறுப்புக்கும் நோன்புக்கும் நடுவே ஒரு மலை ரயில்

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கருப்பையை எடுத்துவிட்டுப் படுத்திருந்த நாட்களில் என்னோடு இருந்தது பக்கத்து வீட்டு அக்காதான். பெண்கள் வார்டுக்குள் என் கணவரை விடமாட்டார்கள். வெளி வராண்டாவில் உட்கார்ந்துகொண்டு, மருந்துச் சீட்டு வந்தால் ஓடிப்போய் வாங்கி வருவார். ஒரே மகன் சிங்கப்பூரில். அக்கா குடவாசலில் தன் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஒரு பையில் நாலு புடவையும் தொழுகை விரிப்புமாக வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துக்கொண்டார். அவர் வீட்டுக்காரர் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். எங்களுக்கு அவர் பாய். இரண்டு வீட்டுக்கும் கொல்லைப்புறம் ஒன்றாகவே கிடக்கும்; நடுவில் வேலி கிடையாது.

சிரித்தால் தையல் வலிக்கும். ஆகவே என்னைப் பராக்குப் பார்க்க வைக்க அக்கா தன் போனில் ஏதாவது காட்டிக்கொண்டே இருப்பார். அப்படி ஒரு மத்தியானம் மலை ரயில் வந்தது. பச்சை மலை, நடுவில் நீலப் பெட்டிகள், ஓரத்தில் பள்ளம்.

“எந்த ஊருக்கா இது?”

“ஊட்டிக்குப் போற ரயிலாம். இன்ஜின் பின்னாடி இருந்து தள்ளுது பாரு.”

“தள்ளி விட்டா மலை ஏறிருமா?”

“நம்மளையும் யாராவது தள்ளி விட்டாத்தான் ஏறுவோம்.”

சிரித்துவிட்டேன். தையலைக் கையால் அழுத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அக்கா பயந்துபோய் போனை அணைத்துவிட்டு, “உடம்பு தேறட்டும். ரெண்டு குடும்பமாப் போவோம். இது சத்தியம்” என்றார்.

ஆஸ்பத்திரியில் சொல்கிற பேச்சு வீட்டுக்கு வந்தால் நிற்காது என்றுதான் நினைத்தேன். ஆனால் வீடு திரும்பிய மறுவாரமே அக்கா காலண்டரோடு கொல்லைப்புறம் வந்துவிட்டார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தேதி பார்த்தோம். சம்பா அறுப்பு முடியாமல் என் கணவர் ஊரைவிட்டு நகரமாட்டார். நோன்பு தொடங்கிவிட்டால் அக்கா வரமுடியாது. நோன்பு நெருங்க நெருங்கப் பெருநாள் சரக்கு எடுக்க பாய் ஈரோட்டுக்கும் மதுரைக்கும் அலைவார். அறுப்புக்கும் நோன்புக்கும் நடுவே சின்னதாக ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்துக்குள்தான் நாங்கள் மலையைக் கொண்டுவந்து வைத்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு வீட்டிலும் வேறு பேச்சு இல்லை. ஊட்டியோடு திரும்பிவிடக் கூடாது என்றார் அக்கா. கொல்லத்திலிருந்து பகலில் கிளம்பி, புனலூர், தென்மலை வழியாகக் காட்டுக்குள் ஏறிச் செங்கோட்டையில் இறங்குகிற ரயில் ஒன்று இருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். அங்கிருந்து நம் பக்கம் வர நேர் ரயிலே இருக்கிறது. “போறது ஒரு மலை வழி, வர்றது ஒரு மலை வழி” என்று விரலால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினார். முன்பதிவு திறந்த காலையில் சமையல்கூட ஆரம்பிக்காமல் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். நாலு இடம் கிடைத்ததும் அக்கா போட்ட சத்தத்தில் கொல்லையில் மேய்ந்த கோழிகள் சிதறி ஓடின.

பாய் எங்களுக்கு ஸ்வெட்டர் வரவழைத்துக் கொடுத்தார். “குடவாசல்ல என் கடையில ஸ்வெட்டர் கேட்ட முதல் கஸ்டமர் நீங்கதாம்மா” என்றார். நான் தினமும் சாயங்காலம் வாய்க்கால் கரையில் நடந்து பழகினேன். நடக்கச் சொன்னது டாக்டர்தான். ஆனால் என்னை நடக்கவைத்தது மலைதான். எங்கள் பக்கம் உயரம் என்றால் ஆற்றுக்கரை, பாலத்து மேடு, கோயில் கோபுரம், அவ்வளவே. பழனிக்கு ஒருமுறை போயிருக்கிறேன். கூட்டத்தில் முன்னால் போனவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறி இறங்கியதுதான் மிச்சம்.

பொங்கல் கழிந்து, கதிர் முற்றி, அறுக்கப் போகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பருவம் தப்பிய மழை. விடாமல் கொட்டியது. வயலுக்குப் போய்ப் பார்த்தால் நின்ற பயிரெல்லாம் பாய் விரித்த மாதிரி சாய்ந்து கிடக்கிறது. என் கணவர் மண்வெட்டியோடு வரப்பில் இறங்கினார். வடிகாலை வெட்டிவிட்டுத் தண்ணீர் இறங்கக் காத்திருந்தோம். ஈரத்தில் இறங்கி அறுக்கிற பெல்ட் மெஷின்தான் வேண்டும். ஊரே அதைக் கேட்கிறது. கெஞ்சிக் கூத்தாடிக் கடைசியில் எங்களுக்கு ஒரு நாள் கிடைத்தது. அது நாங்கள் ரயில் ஏறுவதற்கு மறுநாள்.

நான் கொல்லைப்புறம் போய் அக்காவிடம் சொன்னேன். “டிக்கெட்டக் கேன்சல் பண்ணிருங்கக்கா. நீங்க ரெண்டு பேருமாவது போயிட்டு வாங்க.”

அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “நீ இல்லாம நான் எதுக்குப் போவணும்?” என்றார். பிறகு, “பயிர் முக்கியம்மா. மலை எங்கயும் ஓடிராது” என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

அக்கா உரித்து முடிப்பதற்குள் என் கணவர் வயலிலிருந்து முழங்கால் வரை சேறோடு வந்தார். கொல்லைக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டே, அக்கா காதிலும் விழும்படி சொன்னார்: “நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. அறுப்ப நான் பாத்துக்குறேன்.”

“நாங்க மட்டுமா? தனியாவா?” என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் இல்லாமல் கும்பகோணம் தாண்டி நான் எங்கும் போனதில்லை.

“ஆஸ்பத்திரியில நான் வெளியதான் உக்காந்திருந்தேன். உள்ள உங்கூட இருந்தது அக்காதான். அப்ப மட்டும் தனியாவா இருந்த?”

அதற்குள் பாய் சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்துவிட்டார். “தம்பி சொல்றது சரிதான். நானும் போகல. நெல்லு காயவைக்க ஆள் வேணும், தார்ப்பாய் இழுக்க ஆள் வேணும். நான் தம்பி கூட நிக்கிறேன்.”

“உங்களுக்கு வயல் வேலை என்ன தெரியும்?” என்று அக்கா கேட்டார்.

“தெரியாது. நான் துபாய்ல கெடந்த வருஷமெல்லாம் இந்த வீட்டையும் புள்ளைங்களையும் நீ ஒருத்தியாத்தான பாத்த? உனக்கு மட்டும் தெரிஞ்சா பாத்த? அஞ்சாறு நாள் நான் பாக்குறேன். நீ போயிட்டு வா.”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கண்ணீருக்குச் சொல்ல வெங்காயம் இருந்தது.

கும்பகோணம் ஸ்டேஷனில் இரண்டு பேரும் எங்களை ஏற்றிவிட்டார்கள். மறுநாள் மெஷின் வரும் என்ற நினைப்பு என் கணவர் முகத்தில் இருந்தது. ஆனாலும் ரயில் நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “மாத்திரையப் போட மறந்துராத” என்றார்.

மேட்டுப்பாளையத்தில் தங்கப் போன லாட்ஜில், பேர் எழுதிக்கொண்டவர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “கூட ஆம்பளைங்க யாரும் வரலீங்களா?” என்றார்.

“அறுப்புல இருக்காங்க” என்றார் அக்கா, அமைதியாக. லாட்ஜ்காரர் சாவியைக் கொடுத்துவிட்டார்.

காலையில் மலை ரயில் கிளம்பியது. முதலில் நம் ஊர் ரயில் மாதிரிதான் தட்டையாகப் போனது. கல்லாறு தாண்டியதும் வண்டி மெதுவானது. தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டையைக் கடித்துக்கொண்டு, பின்னாலிருந்து இன்ஜின் தள்ள, பெட்டி மேல்நோக்கிச் சாய்ந்தது. பாட்டிலில் தண்ணீர் சரிந்து நின்றது. ஒரு பக்கம் பாறை உரசுகிறது. மறுபக்கம் எட்டிப் பார்த்தால் மரங்களின் தலைதான் தெரிகிறது, வேர் எங்கே என்று தெரியவில்லை. கண்ணுக்கு எட்டியவரை வயலும் வானமுமாகப் பார்த்தே பழகியவள் நான். பூமி இப்படி நட்டமாக எழுந்து நிற்கும் என்று படத்தில் பார்த்ததும் நேரில் பார்ப்பதும் ஒன்றல்ல. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். யாருக்கு யார் பிடிமானம் என்று சொல்ல முடியாது.

பாறை இடுக்கிலெல்லாம் தண்ணீர் வழிந்தது. “இங்கல்லாம் எப்படிக்கா தண்ணி பாய்ச்சுவாங்க?” என்றேன்.

“ஏ புள்ள, இங்க வந்தும் வாய்க்கால்தானா?” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

எதிரில் இருந்த பெரியவர், இந்தத் தண்ணீர் பவானியில் போய்ச் சேரும், பவானி காவிரியில் சேரும் என்றார். நான் அந்த ஓடைகளை அதற்குப் பிறகு கொஞ்சம் உரிமையோடு பார்த்தேன்.

வழியில் போனுக்கு உயிரே இல்லை. ஊட்டியில் இறங்கியதும் என் கணவர் வீடியோவில் வந்தார். பின்னால் தார்ச்சாலையில் பரப்பிக் காயவைத்த நெல். நடுவில் பாய், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டோடு, வெறுங்காலால் நெல்லைத் துழாவி நடக்கிறார். கடையில் கல்லாவுக்கு முன்னால் வெள்ளைச் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருக்கும் மனுஷர்.

“கால் எரியுதா?” என்று அக்கா கத்தினார்.

“எரியத்தான் செய்யுது. அங்க குளுருதா?” என்று பதிலுக்கு அவர் கத்தினார்.

அக்கா பிளாட்பாரத்தில் அப்படியே உட்கார்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை. அதை உணர்ந்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. உடம்பு தேறிவிட்டது என்று டாக்டர் சொன்னதை அந்த இடத்தில்தான் நான் நம்பினேன். பிறகு அக்கா பிளாட்பாரத்து ஓரத்தில் விரிப்பைப் போட்டு மத்தியானத் தொழுகை, லுஹர் தொழுதார். நான் இரண்டு பைக்கும் காவலாகப் பக்கத்தில் நின்று, எனக்குத் தெரிந்த சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன்.

ஊட்டி பார்த்துவிட்டுக் கோயம்புத்தூர் இறங்கி, அங்கிருந்து கொல்லம் போய், பகலில் செங்கோட்டை ரயில் ஏறினோம். காடு, பாலம், குகை, மறுபடி காடு. கீழே வளைவு வளைவான பாலத்துக்கு அடியில் ஆறு ஓடியது. செங்கோட்டையில் இறங்கும்போது சாரல் தூறிக்கொண்டிருந்தது. மழையைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் நெல் ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போன் போட்டோம். அங்கே வெயில்தான் என்றார்கள்.

விளைந்ததில் ஒரு பங்கு போய்விட்டது. சாய்ந்து கிடந்ததில் கொஞ்சம் முளைத்தும் கொஞ்சம் கறுத்தும் போயிருந்தது. மிச்சத்தைக் காயவைத்து மூட்டை பிடித்துவிட்டார்கள். நாங்கள் வீடு வந்த அன்று மலையைப் பற்றி அவர்கள் கேட்கவே இல்லை. மெஷின் சேற்றில் சிக்கியதையும், பாய் வரப்பில் வழுக்கி விழுந்ததையும், இருவருமாகச் சமைத்த சாம்பாரை நாய்கூடத் தொடாததையும் மாறிமாறிச் சொன்னார்கள். பாய் என் கணவரை இப்போது தம்பி என்று கூப்பிடுவதில்லை, மச்சான் என்கிறார். நாங்கள் கொண்டுவந்த ஊட்டி வர்க்கியைத் தின்றுகொண்டே இரண்டு பேரும் பேசியதை அக்காவும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு அவர்கள் மூவர் மேலும் வந்த அன்பை எங்கே வைப்பதென்று தெரியாமல், போய் டீ போட்டேன்.

நோன்பு தொடங்கி ஒரு வாரம் இருக்கும். இஃப்தாருக்கு அக்கா கொடுத்தனுப்பிய கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்த என் கணவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திடீரென்று கேட்டார்: “ஆமா, ரயிலு குகைக்குள்ள போறப்ப உள்ள லைட் போடுவாங்களா?”

“எங்க பெட்டியில போடலைங்க” என்றேன். “ஒரே கும்மிருட்டு. புள்ளைங்கல்லாம் ஓன்னு கத்துச்சுங்க.”

“நீ?”

“நானுந்தான் கத்துனேன்.”

அவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, “மொதல்லேருந்து சொல்லு” என்றார்.