பெயிண்டுக்குள் இருந்த வைஸ்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரி, அவளுடைய அண்ணன், நல்லம்பள்ளியில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் அக்கா. நாலே பேர். அக்கா கொண்டுவந்த தராசையும் ஓர் ஆளாகச் சேர்க்கலாம். நான் அதிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். இருபது வருஷம் அடுத்தவர் பட்டறையில் மோட்டார் பம்ப் கழற்றி மாட்டிவிட்டு, இப்போதுதான் பென்னாகரம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்திருந்தேன். இரும்பைக் கவ்விப் பிடிக்க வைஸ் இல்லாமல் என்ன பட்டறை? புதுசு வாங்க வழியில்லை. அக்கா கடையில் ஒரு பழசை இரண்டாயிரத்துக்குப் பேசி, ஐநூறு கொடுத்துத் தூக்கி வந்தேன். அதன் வாய் இறுக மூடிக் கிடந்தது. சனிக்கிழமைக்குள் திறந்தால் மீதியைக் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். திறக்காவிட்டால் அக்கா எடைக்கு எடுத்துக்கொள்வார், ஐநூறு போனது போனதுதான். நான் திங்கட்கிழமை பழைய முதலாளி முன்னால் போய் நிற்க வேண்டும்.

நாலு நாள் டீசலில் ஊறப்போட்டேன். அசையவில்லை. சனிக்கிழமை மச்சான் கேஸ் சிலிண்டரோடு வந்துவிட்டார்.

“கொஞ்சம் சூடு காட்டுனா தானா வாயத் தொறக்கும் மாப்ள.”

“வார்ப்பிரும்புங்க மச்சான். வெடிச்சிட்டா?”

“வெடிச்சா அக்கா தராசு எதுக்கு இருக்குது?”

அக்கா சிரிக்கவில்லை. “ரெண்டு துண்டானாலும் எடை அதே எடைதான் தம்பி.”

சிலிண்டர் வால்வு மூடியிருக்கிறதா என்று மூன்றாவது தடவையாகப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால், வீட்டுக்காரி தேய்ந்த தோசைக் கரண்டியால் வைஸின் இடுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, இது துருவே இல்லைங்க.”

“பின்ன?”

“பெயிண்டு. பச்ச. அதுக்குக் கீழ சில்வர். அதுக்குக் கீழ நீலம். மறுபடியும் பச்ச.”

அக்கா நெற்றியில் கை வைத்தார். காரிமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து வந்த வைஸாம் அது. அந்த முதலாளி ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அதைக் கழுவி, வாயை மூடி, தலை முதல் கால் வரை பெயிண்ட் அடித்து, காய்வதற்குள் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவாராம்.

“வேல செய்யும்போது தொறந்திருப்பாரே?” என்றேன்.

“எங்க? கடைசி பத்து வருசமா காயில் வேலைய வுட்டுட்டு ஜெராக்ஸ் கடையில்ல வச்சிருந்தாரு. பூசைய மட்டும் வுடல.”

மச்சான் சிலிண்டர் மேலேயே உட்கார்ந்து சிரித்தார். நான் பெயிண்டைக் கரைக்கத் தின்னர் வாங்க ஓடினேன். ஊற்ற ஊற்றத் தோல் உரிவதுபோல் வந்தது. வீட்டுக்காரி பதினொரு பூச்சு எண்ணினாள், நடுவில் ஒரு ரோஸ். ரோஸ் அடித்த வருஷம் அவருக்கு என்ன சந்தோஷமோ. பிடிக்கம்பியைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு திருகினேன். கிறீச்சென்று ஒரு சத்தம். உடைந்தே போச்சு என்று கையை எடுத்துவிட்டேன்.

“ஏங்க, வாயத் தொறந்துடுச்சுங்க.”

அப்புறம் எங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. தோசைக் கரண்டியைக் கவ்வ வைத்தோம். என் செருப்பை வைத்தோம். மச்சான் சட்டை நுனியை மாட்டிக்கொண்டு, “என்ன வுடச் சொல்லு” என்று கத்தினார். நான் கிரீஸ் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அக்காகூடத் தன் ரெண்டு கிலோ எடைக்கல்லை வைத்து இறுக்கி, ஆட்டிப் பார்த்தார்.

“புடி நல்லாத்தான் இருக்குது. மீதி எடு தம்பி.”

திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று வாரம் பூராவும் ஒவ்வொன்றாக யோசித்து வைத்திருந்தேன். பழைய முதலாளியிடம் என்ன சொல்வது, எந்த பஸ்ஸில் போவது, எல்லாம் தயார். திறந்துவிட்டால் கொடுக்கவேண்டிய பணத்தைப் பற்றித்தான் நினைக்கவே இல்லை. பாக்கெட்டில் முந்நூறு. வீட்டுக்காரி நூறு எடுத்தாள். அக்கா நானூறையும் வாங்கிக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார், ரோஸ் தோலைப் பார்த்தார், கல்லைக் கழற்றித் தராசோடு பையில் போட்டார்.

“பட்டறை ஓடட்டும், அப்பறம் கொடு” என்றார்.

திங்கட்கிழமை பட்டறையைத் திறந்தேன். அக்காவுக்கு இன்னும் பாக்கி ஆயிரத்து நூறு ரூபாய்.