இரண்டு விரற்கடை உயரம்

நான் நாலடி ஒன்பது அங்குலம். யாராவது சொல்லிச் சிரிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு மிட்டாதாரிடம், அதாவது ஒரு சின்ன ஜமீன்தாரிடம், கார் ஓட்டினேன். அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. செத்துப்போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் ஒன்று கூட இல்லை.

ராசிபுரத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் குழித்தறி நெய்கிறவர்கள். தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, அடியில் இருக்கும் இரண்டு மிதிக்கட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். நாள் பூராவும் குழிக்குள் கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. சேலத்துக்கு ஓடி, பஸ்ஸில் கிளீனராக இருந்து, ஓட்டப் பழகி, லைசென்ஸ் வாங்கி, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் இந்த மிட்டாதாரிடம் சேர்ந்தேன். அவரிடம் இருந்தது உயரமான பழைய கார். முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு நாலு வருஷம் ஓட்டினேன். ஒரு கோழியைக் கூட அடித்ததில்லை.

அப்புறம் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பினான். அவனுடைய ரேஸ் காரை இவர் வாங்கிவிட்டார். இரண்டே சீட்டு, நீண்ட மூக்கு, தரையோடு தரையாக உட்காரும் வண்டி. துரை ஆறடிக்கு மேல் இருந்திருப்பான் போல. அந்தச் சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டினேன். என் கட்டைவிரல் கிளச்சைத் தொடவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஸ்டியரிங் வளையம்தான் தெரிந்தது. கொட்டகை வாசலில் நின்ற மிட்டாதாரின் மைத்துனன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் நல்ல உயரம். மெட்ராஸில் நாலு மாதம் இருந்து கார் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தவன்.

"மாமா, இவனுக்கு மாட்டு வண்டியே சாஸ்திங்க. நானு ஓட்டறேன்" என்றான்.

மிட்டாதார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வைகாசித் தேருக்கு இந்த வண்டியிலதான் போவோணும். அதுக்குள்ள ஓட்டிக் காட்டு குள்ளா. இல்லீன்னா தறிக்குழிக்கே போயிரு."

தேருக்கு எட்டு நாள் இருந்தது. குழிக்குத் திரும்புவதைவிடச் சாவது மேல் என்று இருந்தது எனக்கு. அன்றைக்கே சீட்டைக் கழற்றினேன்.

முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன், மெத்தை மேல் மெத்தை போட்டேன். ரோடு தெரிந்தது, கால் இன்னும் மேலே போய்விட்டது. சீட்டை ஒரு சாண் முன்னால் நகர்த்திப் புதுத் துளை போட்டு போல்ட் முடுக்கினேன். ஸ்டியரிங் வயிற்றில் இடித்தது. அதைப் பிடித்திருந்த கவ்வியைத் தளர்த்திக் கொஞ்சம் கீழே இறக்கினேன். ராசிபுரம் போய், எங்கள் வீட்டில் சும்மா கிடந்த தறியின் மிதிக்கட்டைகளை எடுத்து வந்தேன். நல்ல புளிய மரம். மூன்றாக அறுத்து, கொல்லனிடம் இரும்புப் பட்டை அடித்து வாங்கி, கிளச், பிரேக், ஆக்சிலேட்டர் மூன்றுக்கும் மாட்டினேன். இப்போது கால் எட்டியது. இத்தனையும் யாருக்காக என்று யோசிக்கக் கூட எனக்கு நேரமில்லை.

அங்கேதான் என் தறிக்காரப் புத்தி வேலையைக் காட்டியது. தறியில் மிதிகள் ஒரே மட்டமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நூல் இழுக்கும். அதே கணக்கில் மூன்று கட்டையையும் ஒரே அகலமாக, ஒரே கனமாக வைத்துவிட்டேன். வெள்ளோட்டத்தில் பிரேக்கை மிதித்தேன். பாதத்தின் ஓரம் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்தது. வண்டி உறுமிக்கொண்டு வேலியைப் பிய்த்து நிலக்கடலைக் காட்டுக்குள் போய் நின்றது. மைத்துனன் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தான். நான் ஆக்சிலேட்டர் கட்டையைப் பாதியாகச் செதுக்கி, தாழ்த்தி வைத்தேன். அதற்கப்புறம் வண்டி என் உடம்போடு ஒட்டிக்கொண்டது. துரை கூட அதை அப்படி ஓட்டியிருக்க மாட்டான்.

ஆறாம் நாள் மிட்டாதார் பக்கத்து சீட்டில் ஏறினார். கனத்த உடம்பு, ஸ்பிரிங்கில் ஆழமாக அமுங்கிவிட்டார். நான் ரோடு தெரிவதற்காகச் சீட்டின் மேல் ஒரு தடிப்பலகை போட்டு, அதன்மேல் தேங்காய் நார் மெத்தை வைத்து உட்கார்ந்திருந்தேன். மைத்துனன் முன்னால் வந்து நின்று, கையிலிருந்த பிரம்பை எங்கள் இரண்டு தலைக்கும் குறுக்கே படுக்க வைத்துப் பார்த்தான்.

"மாமா, இவன் தலை உங்க தலைக்கு ரண்டு வெரக்கடை மேல நிக்குதுங்க."

அந்த வீட்டில் அவர் முன்னால் யாரும் உட்கார்ந்ததில்லை. பழைய காரில் அவர் பின்னால், நான் முன்னால். இதில் வேறு இடமே இல்லாததால் என்னைப் பக்கத்தில் பொறுத்துக்கொண்டார். என் தலை அவர் தலைக்கு மேலே என்பது வேறு. முகம் கறுத்துவிட்டது.

"உங்க சீட்டுக்கும் ஒரு பலகை போட்டுடறேனுங்க எசமான்" என்றேன்.

"உனக்குச் சரியா நானு பலகை மேல ஏறி உக்காரோணுமா? காட்டு ரோட்டுல எப்படியோ தொலை. ஊருக்குள்ள பலகை இருக்கக் கூடாது."

"பலகை இல்லாட்டி ரோடு தெரியாதுங்க."

"தெரியாட்டி இவன் ஓட்டுவான்" என்று மைத்துனனைக் காட்டினார்.

தேரன்றைக்குத் திருச்செங்கோட்டு எல்லையில் "நிறுத்து" என்றார். நான் பலகையை எடுத்துப் பின்னால் போட்டேன். அங்கேயே இறங்கிப் போயிருக்கலாம். இறங்கவில்லை. குழி கண்ணில் தெரிந்தது.

ஸ்டியரிங் கம்பிகளுக்கு நடுவே பார்த்தால் வானமும் மலை உச்சியும்தான் தெரிந்தன. பக்கத்து வீடுகளின் கூரையைப் பார்த்து ஓரம் கணித்து, விடாமல் ஹாரனை அழுத்திக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். சட்டை நனைந்துவிட்டது. எந்தக் குழந்தை குறுக்கே வருமோ என்று உயிர் போய் உயிர் வந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து மீசையை நீவிக்கொண்டிருந்தார்.

மேச்சேரி ஆட்டுக் கிடாய் ஒன்றை இழுத்துக்கொண்டு போன ஒருவன் எங்களைப் பார்த்து ஓரமாகத் தாவினான். "அய்யோ! ஆளே இல்லாம வண்டி வருதுடோய்!" என்று கத்தினான். தெருவே திரும்பியது. முன்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு மிட்டாதார் ஒருவர்தான் தெரிந்தார். ஓட்டுகிறவன் தெரியவில்லை. சிலர் சிரித்தார்கள், சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு கிழவி அவரை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவருக்கு அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் முகமெல்லாம் பல். கையை உயர்த்திக் கும்பிடுகளை வாங்கிக்கொண்டே, உதடு அசையாமல் என்னிடம் சொன்னார்: "பாத்தியாடா? இனிமே எப்பவும் இப்படித்தான். தலையை இன்னும் கொஞ்சம் குனிஞ்சுக்க."

தேர் வீதி முனையில் நடு ரோட்டில் நிறுத்தினேன். சீட்டின் மேல் ஏறி நின்றேன். அப்போதுதான் ஊர் என்னைப் பார்த்தது. சிரிப்பு நின்றது. கீழே குனிந்து, பையிலிருந்த ஸ்பேனரால் மூன்று கட்டைகளையும் கழற்றினேன். எங்கள் வீட்டுக் கட்டைகள் அவை. அவசரப்படவே இல்லை.

"ஏன்டா, எங்கடா போற?" என்றார்.

"உங்க வண்டிக்குத்தான் ஆளே வேண்டாமுங்களே. தானா ஓடுமுங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு இறங்கினேன்.

குதிரை வண்டியில் முன்னாலேயே வந்திருந்த மைத்துனன் ஓடி வந்து உள்ளே நுழையப் பார்த்தான். சீட்டு நான் முடுக்கிய இடத்தில் இருந்தது. அவன் முழங்கால் ஸ்டியரிங்குக்கு அடியில் போகவில்லை. ஸ்பேனர் என் பையில் இருந்தது. சாயங்காலம் ஒரு ஜோடி எருதுகளைப் பூட்டி வண்டியை ஊருக்கு இழுத்துப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அந்தப் பக்கத்தில் யாரும் எனக்கு வேலை கொடுக்கவில்லை. ஒரு வருஷம் ராசிபுரத்துக் குழியில் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் சேலத்தில் ஒரு பஸ் கிடைத்தது. இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் எருதுகள் வரும் இடத்தில் கைதட்டிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவரை மன்னிக்காதது ஒரு பக்கம் இருக்கட்டும். தலையை இன்னும் குனி என்று அவர் சொன்ன பிறகும், தேர் வீதி முனை வரைக்கும் ஒரு பர்லாங்கு தூரம் நான் குனிந்துதான் ஓட்டினேன்.