இரண்டு டாக்டர், இரண்டு மஞ்சப்பை

எனக்கு வாய் நீளம். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. என் வீட்டுக்காரர் டவுன் பஸ் கண்டக்டர், அவனியாபுரம் – சிம்மக்கல் ரூட். எழுபதுகளின் கடைசியில் இளைப்பு அவரிடம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. பீடியும் பஸ் புழுதியும் டீசல் புகையும் சேர்ந்து செய்த வேலை. பீடியை விட்ட பிறகும் போகவில்லை. சர்க்கரை வியாதி அதற்கு முன்பே உண்டு.

சர்க்கரைக்குப் பார்த்தவர் எங்கள் குடும்ப டாக்டர், பல வருசப் பழக்கம். இளைப்பு முற்றியதும் டிப்போவில் யாரோ சொல்லி நெஞ்சு டாக்டர் ஒருவரிடம் போனோம். தெரிந்தால் குடும்ப டாக்டர் மனசு கஷ்டப்படுவாரே என்று ஆளுக்கொரு மஞ்சப்பை போட்டுச் சீட்டுகளைத் தனித்தனியாக வைத்துக்கொண்டேன். "வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறாரா?" என்று இரண்டு பேருமே கேட்டார்கள். "இல்லீங்க டாக்டர்" என்று கூசாமல் சொன்னேன். வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் கண்ணைக் காட்டி அடக்குவேன்.

அப்போதெல்லாம் வீட்டிலேயே சர்க்கரை பார்ப்போம். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சில சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் நிம்மதி, பச்சை என்றால் பரவாயில்லை, செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. நெஞ்சு டாக்டரிடம் போனதிலிருந்து தினமும் செங்கல்தான். அந்த நேரம் பார்த்து, செருப்புக் கடித்த கால் கட்டைவிரல் ஆறாமல் கறுக்கத் தொடங்கியது. "சர்க்கரை இறங்கலைன்னா விரலை எடுக்கணும்மா" என்றார் குடும்ப டாக்டர். விரல் போனால் ஓடுகிற பஸ்ஸில் எப்படி நிற்பார்?

எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வரும். ஆள் திருட்டுத்தனமாக இனிப்புத் தின்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். காக்கிச் சட்டைப் பையை மோந்துகூடப் பார்த்தேன். ஒரு சாயங்காலம் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "அல்வா தின்னீகளா, ஜிலேபி தின்னீகளா? அம்புட்டு நாக்கு கேக்குதா?" தெருவே பார்த்தது. "நான்... ஒண்ணும்..." என்றார். இருமல் வந்துவிட்டது. மறுபடி "ஒண்ணும்..." என்றார், மறுபடி இருமல். பதில் சொல்ல மூச்சில்லாத மனுசனை நான் விடவில்லை. இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறு வாரம் நெஞ்சு டாக்டர் எழுதிய குட்டி வெள்ளை மாத்திரை தீர்ந்துபோய், கடைக்கு வர நாலு நாள் ஆயிற்று. இளைப்பு கூடியது. ஆனால் குழாயில் பச்சை! மாத்திரை வந்தது, மறுபடி செங்கல். அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒன்றும் தின்னவில்லை. நான்தான் தினமும் அந்த மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்து, தண்ணீரும் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு பையையும் குடும்ப டாக்டர் மேசையில் கொட்டினேன். "ஏம்மா, இந்த மாத்திரை இளைப்பை அடக்கும், சர்க்கரையை ஏத்தும். எங்கிட்ட மறைச்சு மறைச்சு புருசன் காலுக்கே உலை வச்சிருக்கியே! இதைச் சட்டுனு நிறுத்தவும் கூடாது" என்று கத்தினார். கத்தி முடித்து நெஞ்சு டாக்டருக்கு ஒரு லெட்டர் எழுதினார். இருவரும் கலந்து பேசி மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். வாயில் வைத்து இழுக்கிற பம்பு ஒன்று வந்தது. கொஞ்ச நாள் இன்சுலின் ஊசி. "நுரையீரல் பழையபடி ஆகாது, ஆனா ஒழுங்கா இருந்தா வேலை வெட்டி பாக்கலாம்" என்றார் நெஞ்சு டாக்டர். புண் ஆறியது. விரல் தப்பியது. அதுவரை லீவில் இருந்தவர் மூன்றாம் மாதம் மறுபடி டூட்டிக்குப் போனார்.

முதல் நாள் டூட்டி முடிந்து வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னேன். "அன்னிக்கு வாசல்ல வச்சுக் கேட்டது என் தப்புதாங்க."

அவர் சொம்பைக் கீழே வைத்தார். "தப்பா? தெருவே பாக்க என்னைய அல்வாத் திருடனாக்கிப்புட்டு இப்ப வந்து தப்புங்கிற! டிப்போ வரைக்கும் சேதி போயிருச்சு, டிரைவர் பய ட்ரிப்புக்கு ட்ரிப்பு கேக்குறான், அண்ணே இன்னிக்கு எந்தக் கடைன்னு. உனக்கென்ன, வாயி இருக்கு, பேசிட்டுப் போயிட்ட..."

நிறுத்தவே இல்லை. இருமவும் இல்லை. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் நின்று கேட்டேன்.

"இப்ப எதுக்கு அழுகுற?" என்றார்.

"இன்னும் திட்டுங்க" என்றேன்.