ஸ்வின்ஹர்ஸ்டின் கடைசிப் பன்றி

லண்டனிலிருந்து மின்ரயில் வந்ததும் ஸ்வின்ஹர்ஸ்ட் கண்ணை மூடித் திறப்பதற்குள் டவுனாகிவிட்டது. அதற்கு முன் அங்கே ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, பில்பீம் குடும்பத்தின் பன்றிப்பட்டி, அவ்வளவுதான். ஓக் காட்டில் பன்றி மேய்த்த காலத்தில் ஊருக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. பழைய ஆங்கிலத்தில் பன்றிக்காடு. இப்போது காட்டைத் தின்றுவிட்டு, ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசையாக நின்றன. விதவை டோர்கஸ் பில்பீமிடம் மிஞ்சியது டச்சஸ் என்ற தாய்ப்பன்றி ஒன்றுதான். பிள்ளையில்லாதவளுக்குப் பேச்சுத்துணையும் அதுவே.

புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஊர்ப் பெயரைச் சொல்லவே கூச்சம். ‘ரோஸ்மவுண்ட்’ என்று மாற்றுவதற்காக தேவாலயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பெயர் போனால் அடுத்து டச்சஸும் போய்விடும் என்று டோர்கஸ் பயந்தாள். நல்ல தொப்பியை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

"எங்க மேனேஜர் என்னைப் பன்னிக்காட்டான்னு கூப்பிடுறார் சார்!" என்றார் ஒருவர்.

"உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருப்பாருய்யா," என்றது பின்வரிசை. கூடமே குலுங்கியது.

டோர்கஸ் எழுந்தாள். "எங்க முப்பாட்டன் காலத்துப் பேருங்க. நீங்கல்லாம் நல்லவங்க. அதை மட்டும் விட்டுருங்க."

அவள் குரல் நடுங்கியதில் எல்லோரும் இளகிப்போனார்கள். பெயர் தப்பியது. கைதட்டினார்கள், யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கூட்டத் தலைவர் லெவரெட், பேங்க் குமாஸ்தா, மெல்லக் கனைத்தார். "இன்னொரு சின்ன விஷயம். வெயில் காலத்துல வாடை தாங்கல. டவுனுக்குள்ள பன்னி வளக்கத் தடை கேட்டு நகரசபைக்கு எழுதலாமா? மிஸஸ் பில்பீம், உங்களுக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையே?"

ஸ்வின்ஹர்ஸ்டின் பழைய ஆட்களான எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. காலை மிதித்தவனிடம் நாங்கள்தான் முதலில் மன்னிப்புக் கேட்போம். இப்போதுதான் கைதட்டியவர்களிடம், அவர்கள் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு, மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார்," என்றாள். "டீ ரொம்ப நல்லாருக்கு."

ஒருமனதாக நிறைவேறியது. அவர்களைத் திட்டக்கூட எனக்கு மனம் வரவில்லை. அத்தனை அன்பாக அவளை வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள்.

தடை வந்த வாரமே கசாப்புக்காரர் வண்டியோடு வந்தார். டச்சஸ் ஏற மறுத்து டோர்கஸின் பாவாடையில் முகத்தைப் புதைத்தது.

"ஏம்மா, இவ்வளவு பாசமா வளத்ததப் போய் விக்கிற?" என்றார்.

"ஊரே கூடி முடிவு பண்ணினோம்," என்றாள் டோர்கஸ். "நானும்தான்."