மாட்டுக் கட்டுரைகளுக்கு நான் ஆசிரியரான கதை

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். கல்வராயன் மலைச் சாமையைப் பற்றி ஆய்வு. ஆய்வாளர்கள் கூடும் இணையதளம் ஒன்றில் என் கட்டுரையை ஏற்றிவைத்திருந்தேன். எத்தனை பேர் படித்தார்கள் என்று அது காட்டும். பெரும்பாலும் நான்தான்.

ஒருநாள் கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் நின்றபடியே தளத்தைத் திறந்தேன். என் பெயர் போட்ட வேறொரு கட்டுரையைக் காட்டி, ‘இந்தக் கட்டுரை உங்களுடையதா?’ என்று கேட்டது. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் நம் ஊரில், அதே எழுத்தும் அதே பெயரும் உள்ளவர் தெருவுக்கு ஒருவர் இருப்பார் என்பது அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கையில் கம்பி, மறு கையில் போன். கேட்டதற்கெல்லாம் ஆமாம் போட்டேன். இறங்குவதற்குள், கறவை மாடு சினை பிடிக்காததைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதியவனாகிவிட்டேன்.

கல்லூரியிலேயே அதிகம் படிக்கப்படுபவர் நான் என்று தளம் அறிவித்தது. முதல்வர் அதைக் கட்டுரைப் பட்டியலோடு கல்லூரி வாட்ஸப் குழுவில் போட்டு வாழ்த்தினார். நானும் கூச்சமில்லாமல் கைகூப்பும் படம் போட்டேன்.

மறுநாள் எங்கள் ஆய்வக உதவியாளர் அக்கா வந்து நின்றார். அவர் வீட்டு மாடு எத்தனை சினை ஊசி போட்டும் பிடிக்கவில்லை. பாலும் வற்றிக்கொண்டு வந்தது. அடுத்த சந்தையில் தள்ளிவிட வீட்டுக்காரர் தரகரிடம் பேசிவிட்டார். அக்காவுக்கு விற்க மனமில்லை.

“இன்னா சார், சாமை சாமைன்னு மலைக்குப் போய்க்கினு இருந்தீங்க. மாட்டப் பத்தி இம்மாம் எழுதி வச்சிருக்கீங்க, சொல்லவே இல்லியே?”

உண்மையைச் சொன்னேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

வேறு வழியில்லாமல், கட்டுரைகளின் சொந்தக்காரருக்குத் தளத்திலேயே எழுதினேன்: முதலில் மன்னிப்பு, பிறகு மாடு. கால்நடை மருத்துவரான அவர் மாட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். பருவத்துக்கு வந்து எப்போது கத்துகிறது, எப்போது ஊசி என்று கேட்டார். காலையில் கத்தும், அக்கா வேலைக்கு வந்துவிடுவதால் மறுநாள் லீவு சொல்லி மத்தியானம்தான் ஊசி என்று எழுதினேன். கத்திய அன்று சாயங்காலமே போடுங்கள், தாது உப்பும் கொடுங்கள் என்று பதில் வந்தது. என் கட்டுரைகளை எப்போது திருப்பித் தருவீர்கள் என்றும் கேட்டிருந்தார். அன்றே கொடுத்துவிட்டேன்.

அக்கா வீட்டுக்காரரோடு சண்டை போட்டு விற்பதைத் தள்ளிவைத்தார். மாடு கத்திய அன்று அரைநாள் லீவு எடுத்தார். அவருடைய சோதனைக்குழாய்களை நான் கழுவினேன், இரண்டை உடைத்தேன்.

சில மாதம் கழித்து ஊர் மருத்துவர் சோதித்துச் சினை என்றார். தளத்தில் என் பெருமை காணாமல் போனதை முதல்வர் மட்டும் கவனித்து, ஏதாவது கோளாறா என்று குழுவில் கேட்டார். மாடு கேட்டு வந்த தரகரை வீட்டுக்காரரே காபி கொடுத்து அனுப்பிவிட்டாராம். அந்தக் கட்டுரைகள் என்னுடையவை அல்ல என்று அக்காவிடம் மறுபடியும் சொன்னேன்.

“யாரு எழுதனா இன்னா சார்? மாடு வூட்ல நிக்குதில்ல.”