அவ ஒரு இடமும் போகேல்லை

எங்கள் வீட்டில் வெளிக்கிட்டு நிற்கும் ஆளைப் பார்த்து "எங்கை போறாய்?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். கட்டாயம் தெரிய வேண்டுமென்றால் "தூரமோ?" என்று கேட்கலாம். அச்சுவேலிச் சந்தைக்குச் சைக்கிளை உருட்டும்போதுகூட அம்மா "தூரமோ பிள்ளை?" என்றுதான் கேட்பார். சந்தை எங்கள் படலையிலிருந்து கூப்பிடு தூரம்.

வெளிநாட்டுப் பயணம் என்றால் சொல்லவே வேண்டாம். பிளேன் நிலத்தை விட்டு எழும்பும்வரை ஒருவரிடமும் மூச்சு விடக் கூடாது. நாலு பேர் வாயில் விழுந்தால் நாவூறு பட்டு, போகிற பயணம் நின்றுவிடும். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவுக்குள், இப்படிச் சொல்லாமல் போனவர்கள்தான் அதிகம். முன்வீட்டு அண்ணை பல்லுக் காட்டக் கொழும்புக்குப் போனார். பிறகு பார்த்தால் கனடாவில் பனிக்குள் நின்று படம் அனுப்புகிறார். பின்வளவு அக்கா கண்ணாடி மாற்றப் போனவர். இப்போது நோர்வேயில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார். ஊரில் ஒருவரும் இதற்குக் கோபிப்பதில்லை. "கெட்டிக்காரன், ஒருத்தருக்கும் சொல்லாமல் போட்டான்" என்று மெச்சுவார்கள். எனக்கு இந்தப் பழக்கத்தைக் கண்டால் சின்ன வயதிலிருந்தே பற்றி எரியும். சொல்லிக்கொள்ளாமல் போவதற்கு நாங்கள் என்ன கள்ளர்களா? அம்மாவிடம் கேட்டால் "உனக்கு வர வர வாய் கூடிப்போச்சு" என்பார். கூடித்தான் போயிற்று. யாராவது ஒருத்தி கேட்கத்தானே வேண்டும்.

போன வருடம் எனக்கு ஓர் இடம் கிடைத்தது. எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் இருக்கும் கம்பஸில் தாவரவியல் படித்துவிட்டு, அங்கேயே தற்காலிக உதவியாளராக வேலை செய்துகொண்டிருந்தேன். ஐரோப்பாவில் ஒரு குளிர் நாட்டுப் பல்கலைக்கழகத்தில், வெங்காயத்தின் அடியை அழுக வைக்கும் பூஞ்சையைப் பற்றி ஒரு வருடம் ஆய்வு செய்யக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பூஞ்சை எனக்குப் புதிதல்ல. நான் பள்ளிக்கூடம் போன காலம் முதல் அப்பாவின் தோட்டத்தில் அது இருக்கிறது. நேற்றுப் பச்சையாக நின்ற பாத்தி இன்று நுனி மஞ்சளாகிவிடும். பிடுங்கினால் வெங்காயம் கையிலேயே நசியும். அப்பா அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதற்கு வழி தேடும் பேராசிரியர் ஒருவர் என்னை வரச் சொல்லியிருந்தார். செலவு முழுக்க அவர்களுடையது. ஒரே ஒரு நிபந்தனைதான்: குளிர்காலம் தொடங்குமுன் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் இடம் வேறு ஆளுக்கு.

செய்தியைச் சொன்னதும் அம்மா முதலில் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் முன்கதவைச் சாத்தினார்.

"ஈ காகத்துக்கும் தெரியப்படாது."

"அம்மா, நான் களவாப் போகேல்லை. படிக்கக் கூப்பிட்டிருக்கினம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுச் சொல்ல வேண்டிய விசயம்."

"பிள்ளையாருக்குச் சொல்லுவம். அவர் ஒருத்தருக்கும் சொல்லமாட்டார்."

விசாவுக்கு விரல் அடையாளம் வைக்கக் கொழும்புக்குப் போக வேண்டும். கம்பஸில் துறைத் தலைவருக்கு மட்டும் விசயம் தெரியும். மற்றவர்களுக்கு என்ன சொல்வது? அம்மாவிடம் பதில் தயாராக இருந்தது: பல்லு. எங்கள் ஊரில் பொய்க்குக்கூடப் பஞ்சம், பாருங்கள். நான் போய் வந்த பிறகு, பக்கத்து மேசைத் தோழி தேநீர் நேரத்தில் பணிஸை எனக்காகத் தேநீரில் தோய்த்து நீட்டுகிறாள். "கடிக்கேலுமோ? உதுக்கேன் கொழும்புக்குப் போனனீ, தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலை காட்டியிருக்கலாமே?" என்று உருகுகிறாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. நல்ல பல்லை வைத்துக்கொண்டு ஊறின பணிஸைத் தின்றேன்.

கொழும்பிலோ எல்லாம் தலைகீழ். தூதரகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் ஒரே கேள்வியைத்தான் பல விதமாகக் கேட்டாள். நீ திரும்பி வருவாய் என்பதற்கு என்ன அத்தாட்சி? நான் யோசிக்கவே இல்லை. கட்டாயம் வருவேன் என்றேன். வேலைக் கடிதம் கொடுத்தேன், தோட்டத்துக் காணி உறுதிப் பத்திரத்தைக் கொடுத்தேன். வீட்டுத் தொடர்பு இலக்கம் கேட்ட இடத்தில் அம்மாவின் போன் இலக்கத்தை எழுதினேன். எங்கும் எழுதுவதுதானே, எடுத்துக் கேட்பார்கள் என்று யார் கண்டது? திரும்பும் ரயிலில் இருந்து யோசித்தேன். ஊராருக்கு, நான் எங்கும் போகவில்லை என்று காட்ட வேண்டும். தூதரகத்துக்கு, நான் வெளிநாடு போவேன், ஆனால் அங்கே தங்கமாட்டேன் என்று காட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எனக்கு விசர் பிடிக்காமல் இருந்ததே புதுமை.

பிறகு காத்திருப்பு. அந்தரம் என்று நாங்கள் சொல்கிற சொல்லின் முழு அர்த்தமும் அந்த நாட்களில்தான் எனக்குப் பிடிபட்டது. இருந்தால் எழும்பத் தோன்றும், எழும்பினால் எங்கே போவது என்று தெரியாது. பலாலி வீதி பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடப்பேன். ஆய்வுகூடத்தில் கழுவின கண்ணாடிக் குழாய்களையே மறுபடியும் கழுவுவேன். ஒவ்வொரு நாளும் போனைத் திறந்து பார்ப்பதும் மூடுவதும்தான் வேலை.

அந்த நேரம் பார்த்து மாமா குடும்பம் பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்தது. மாமா அம்மாவின் தம்பி. அவர் போன காலத்தில், பாரிஸுக்குப் போகிற வழியில், கிழக்கு பெர்லினில் இறங்க விசாவே தேவைப்படவில்லையாம். "இப்ப எண்டால் நானும் இஞ்சை வெங்காயத்துக்குத் தண்ணி கட்டிக்கொண்டு நிண்டிருப்பன்" என்று சொல்லிச் சிரிப்பார். அவருடைய மகள், என் மச்சாள், என் வயதுக்காரி. இந்த முறை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கிணற்றடியில் காலைக் கழுவிக்கொண்டே வெடித்தாள்.

"லண்டனுக்கு விசா கேக்கினமடி! எனக்கு!"

மேடை ஒளியமைப்புப் படிக்க அவளுக்கு ஆசை. அவளுடைய அண்ணன் முன்பு ஒரு பையோடு பாரிஸில் ரயில் ஏறி லண்டனில் இறங்கினான். கோப்பை கழுவினான், படித்தான், அங்கேயே வேலையும் எடுத்தான். ஒருவரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. அவள் வளர்ந்து தன் முறை வருவதற்குள் அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிந்துவிட்டது. இப்போது படிக்கவும் விசா, வேலைக்கும் விசா. படிப்புச் செலவும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

"ஆரோ முன்பின் தெரியாத ஆக்கள் வோட்டுப் போட்டு என்ரை கதவைப் பூட்டிட்டினம். நீ எப்பிடியடி இவ்வளவு காலமும் இதைத் தாங்கினனீ?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சரியான கோபம் வந்தது. "உனக்கு ஒரு கதவுதானே பூட்டினது? மிச்சம் முழுக்கத் திறந்துதானே கிடக்கு? எங்களுக்குச் சுவர் மட்டும்தான். வாழ்நாளிலை ஒருக்கா நீயும் விசா எடுத்துப் பார்" என்றேன்.

அவள் வாளித் தண்ணீரை மற்றக் காலில் ஊற்றினாள். "அதுக்காக எனக்கு நோகப்படாதோ?" என்றாள்.

நோகலாம்தான். அந்த நிமிடத்தில் என் விசயத்தை அவளிடம் சொல்லிவிட வாய் துடித்தது. குசினி யன்னலில், அடுப்புப் புகைக்குள், அம்மாவின் முகம் தெரிந்தது. அம்மா ஒரு செருமல் செருமினார். மச்சாள் என்னைப் பார்த்து, "ஓ, கேக்க மறந்திட்டன். உன்ரை பல்லு எப்பிடி?" என்றாள். இவர்களுக்குமா அந்தப் பல்லுக் கதை!

மாமா குடும்பம் திரும்பிப் போய்க் கொஞ்ச நாளில் அது நடந்தது. பின்னேரம் கம்பஸால் வந்து சைக்கிளைச் சாத்துகிறேன். அம்மா குசினி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு புழுகம், எதையோ வென்றுவிட்ட சந்தோசம்.

"இண்டைக்கு ஒருத்தி போன் எடுத்தவள். நல்ல தேன் மாதிரிக் கதை. 'அம்மா, உங்கடை மகள் வெளிநாடு போறாவோ, என்ன படிக்கப் போறா, எப்ப வருவா' எண்டு ஒரே விடுப்புக் கேள்வி."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் விட்டுக் குடுப்பனே? 'அவ ஒரு இடமும் போகேல்லை பிள்ளை, உந்தக் கதையை ஆர் சொன்னது?' எண்டு கேட்டன். அவள் விட்டால்தானே? 'கம்பஸிலை வேலை செய்யிறாவோ' எண்டாள். 'அந்த வேலையையும் விடப்போறா, கலியாணம் பேசி முற்றாக்கியாச்சு' எண்டு சொன்னன். அதோடை வாயை மூடிட்டாள்."

போனைப் பறித்து இலக்கத்தைப் பார்த்தேன். கொழும்பு இலக்கம். திருப்பி எடுத்தால் அலுவலக நேரம் முடிந்துவிட்டது என்று ஒரு குரல் மூன்று மொழியில் சொன்னது. அம்மா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் கையிலிருந்த வெங்காயத்தைச் சுளகில் வைத்தார்.

"ஆரடி பிள்ளை அது?"

சொன்னேன். அமைதியாகச் சொல்லவில்லை, கத்தினேன். உங்கள் நாவூறும் மண்ணாங்கட்டியும் என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

தூதரகத்துக்கு விளக்கம் எழுதினேன். நாவூறு என்பதை அவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? என்னைக் காப்பாற்றத்தான் என் அம்மா பொய் சொன்னார் என்று இங்கிலீசில் எழுதி வாசித்துப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் அனுப்பினேன். சில நாட்களில் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. விண்ணப்பத்தில் சொன்ன நோக்கமும் வீட்டில் விசாரித்தபோது சொன்னதும் பொருந்தவில்லை, மறுக்கிறோம் என்று சுருக்கமாக எழுதியிருந்தார்கள். அப்பா தோட்டத்தால் வந்து, மண் காலோடு நின்று கேட்டார். "இந்தியாவிலை இருந்து வெங்காயம் கப்பலிலை வருது. ஒருத்தரும் அதிட்டை ஒண்டும் கேக்கிறேல்லை. பிள்ளை போகேலாதாமோ?" என்றார்.

மச்சாளுக்கு அன்றுதான் எல்லாவற்றையும் போனில் சொன்னேன். பல்லு உட்பட. திட்டுவாள் என்று பார்த்தால், "நீ போக இருந்த கம்பஸ் எந்த ஊரடி?" என்று கேட்டாள். சொன்னேன். "நாளைக்கு நான் போய்க் கதைக்கிறன்."

போனாள். பாரிஸில் காலையில் ரயில் ஏறியவள் மத்தியானம் அந்த ஆய்வுகூட வாசலில் நின்றாள். எல்லையில் ஒருவரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. பேராசிரியரைத் தேடிப் பிடித்து, நாவூறு என்றால் என்ன என்று கையைக் காலை ஆட்டி விளங்கப்படுத்தியிருக்கிறாள். அந்த மனிதர் சிரித்தாராம், பிறகு சிரிக்கவில்லையாம். இந்த வருடத்து இடத்தைத் தள்ளி வைக்க முடியாது, வேறு ஆளுக்குக் கொடுத்தாக வேண்டும். அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பிக்கட்டும், வாக்குத் தரமாட்டேன் என்றாராம். மச்சாள் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். நீண்ட மேசையில் கண்ணாடிக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் அடி அழுகின வெங்காயம். எங்கள் தோட்டத்தில் கிடப்பது போலவே.

பிறகு போன் எடுத்தாள். "நீ நிக்க வேண்டிய இடத்திலை நான் நிண்டனான்" என்று தொடங்கியவள் முடிக்காமல் அழுதாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அவ்வளவு தூரம் எனக்காகப் போனவள் மேல் பொறாமை! அதையும் அவளிடம் சொன்னேன். "பொறாமைப்படு, நல்லாப் படு, அதுக்கென்ன" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

அம்மாதான் மாறிப்போனார். அடுத்த வெள்ளிக்கிழமை சந்தையில் மரக்கறிக்காரியிடம் சொன்னார். கோயிலில் சொன்னார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த, ஆரென்றே தெரியாத மனுசியிடம் சொன்னார். "என்ரை மகள் படிக்க வெளிநாடு போகப்போறா. விசா ஒருக்கா மறுத்தவை, திரும்பப் போடுறா." ஊர் திகைத்துப் போய்விட்டது. பயணத்தை வாய்விட்டுச் சொல்லும் ஒரு வீட்டை எங்கள் ஒழுங்கை முன்பு கண்டதில்லை. பக்கத்து மேசைத் தோழி மட்டும் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஊறின பணிஸை மன்னிக்க அவளுக்கு அவ்வளவு நேரம் எடுத்தது.

தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் அம்மா இப்போது கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு ஓடுகிறார். கடன் அட்டை விற்கிற பெடியனுக்கும் பதில் அதுதான். போன கிழமை நான் முன் அறையில் புது விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து எடுத்தார். போன் கொம்பனியின் விளம்பரம், பதிவு செய்த குரல். எனக்கே இங்கு கேட்டது. அம்மா அதற்கு நடுவே, நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஓம் பிள்ளை. அவ போறா. படிக்கத்தான் போறா. கலியாணம் ஒண்டும் பேசேல்லை, அது நான் சொன்ன பொய். படிச்சு முடிச்சிட்டுத் திரும்பி வருவா."

குரல் தன்பாட்டில் புதிய டேட்டாப் பொதியைப் பற்றிச் சொல்லி முடித்து நின்றுவிட்டது. அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முன்வீட்டு அண்ணை போனார், பின்வளவு அக்கா போனார். எங்கள் ஒழுங்கையில் திரும்பி வந்தவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள் மட்டும்தான்.

"வருவாய்தானே?" என்று கேட்டார்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவளுக்கு யோசிக்காமல் சொன்ன பதில் அம்மாவுக்குச் சொல்ல வாயில் வரவில்லை. பேனையை வைத்தேன். பிறகு எடுத்தேன்.

"ஓம் அம்மா. வருவன்."

அம்மா தலையாட்டினார். அத்தாட்சி ஒன்றும் கேட்கவில்லை. குசினிக்குப் போய் மிச்ச வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினார்.